காண்டா தூக்கிய தோளுக்கும் ஒரு பாய்

"தோட்டத்துல உழைச்ச உடம்பு. இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?"

பிலாட்டீஸ் என்று பேச்செடுத்தாலே நம் அம்மாக்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டங்களில் இருட்டோடு பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து, காண்டா கம்பைத் தோளில் வைத்து நடந்தவர்கள் அவர்கள். அந்தப் பலம் சாதாரணமில்லை. ஆனால் அதே அம்மாக்களில் எத்தனை பேரால் இன்று தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறது? வேலை என்பது ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்வது. உழைத்த மூட்டு தேய்ந்தது; உழைக்காத தசை தளர்ந்தது.

மகள்களுக்கு வேறு சிக்கல். தோட்டம் தாமானாகிவிட்டது. காரில் உட்கார்ந்து நீலாய்க்குப் போய், அங்கேயும் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பவும் காரில். முப்பது வயதிலேயே முதுகுக்குத் தைலம்.

பிலாட்டீஸ் பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்பதற்காகவே பிரிட்டன் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தது. அங்கே சக கைதிகளுக்கு அவர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இன்று ஸ்டூடியோக்களில் பார்க்கும் ஸ்பிரிங் மெஷின் இல்லாமலும் இதைச் செய்யலாம். பாய் போதும்.

நான் இதைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு முக்கியக் காரணம், நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. தும்மினால், இருமினால், பேரப்பிள்ளையைத் தூக்கினால் சிறுநீர் கசிவது. "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அதற்காகவே தைப்பூசத்துக்குப் பஸ் ஏறத் தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிரசவத்திலும் வயதிலும் தளர்வது இடுப்பின் அடித்தளத் தசைகள். கை கால் தசையைப் போலவே அவற்றையும் பழக்கி வலுவாக்க முடியும். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றுங்கள். மூச்சை விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை மேலே இழுத்து, இடுப்பை மெதுவாக உயர்த்துங்கள். மேலே ஒரு மூச்சு இழுத்து, விட்டபடியே முதுகை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாயில் இறக்கி, தசையைத் தளர விடுங்கள். எட்டுத் தடவை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் பலனில்லை. வேகமாகச் செய்தாலும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்லமாட்டேன். எலும்புக்கு வேகநடையும் எடை தூக்குவதும் வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்கவேண்டும். பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்களும் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கசிவு நிற்கவில்லை என்றால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிரம்பானில் ஸ்டூடியோ தேடி அலையவேண்டாம். பயிற்சி தெரிந்த ஒருவரை அழைத்து, கோயில் மண்டபத்தையோ பாலாய் ராயாவையோ ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரிக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளை அப்பாக்கள் பார்த்துக்கொண்டு, முடிந்தால் தேத்தண்ணியும் போட்டு வைக்கட்டும்.