இரண்டாந் தரப் பிள்ளைக்கு இல்லஞ் செய்யத்தக்கது

கல்லூரி விழா மலர்களிலே நாம் பெரிதும் நினைவுகூர்வன உயர்வகுப்புப் பரீட்சைப் பேறுகளும், விளையாட்டுத்துறை வெற்றிகளும், உயர் பதவி எய்தியோர் பெயர்களுமேயாம். அவை போற்றத்தக்கனவே. ஆயினும், பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் கீழ்வகுப்பிலேதான் அப்பேறுகளுக்கு அடித்தளம் இடப்படுகின்றது. பழைய மாணவருட் பலர் இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் விளங்குகின்றனர். ஆதலின், இரண்டாந் தரப் பிள்ளை வகுப்பறையிற் கற்பது யாது, அதற்கு இல்லம் எவ்வாறு துணைநிற்றல் வேண்டும் என்பன பற்றி நாம் கருதுவனவற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நம் நாட்டில் 1998 ஆம் ஆண்டு தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. முதலிரு தரங்களும் முதலாம் நிலையாயின. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன பாடப் பரப்புகளாயின. ஆங்கிலம் பேச்சளவில் இடம்பெற்றது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றனுள் இந்நிலைக்கு விளையாட்டே தலைமையாயிற்று. இதனை அறியாத பெற்றார் பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, அது வெறுமையாயிருப்பின், “இன்றைக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லையோ?” என வினவுகின்றனர். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து அடுக்கிய பிள்ளை அன்று எண்ணின் இடப்பெறுமானத்தைக் கற்றுக்கொண்டு வந்திருக்கின்றது. கொப்பியில் அதற்குச் சான்று இராது.

முதற்கண் வாசிப்பை எடுத்துக்கொள்வோம். தமிழெழுத்துக்கள் 247 என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் உயிர்மெய் 216. இத்தனையையும் பிள்ளை தனித்தனியே மனனஞ் செய்ய வேண்டியதில்லை. பதினெட்டு மெய்களையும் உயிர்க்குறிகளையும் அறிந்தாற் பெரும்பாலானவற்றைத் தானே கூட்டிக்கொள்ளும். இடர்ப்படும் இடங்கள் சிலவே. கெ, கே, கை என்பவற்றிற் குறி முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகின்றது. கொ, கோ என்பவற்றிற் குறி இருபுறமும் நிற்கின்றது. கு, சு, து, மு என்பவற்றிலோ உகரக்குறி ஒரே வடிவினதன்று. பிள்ளை இவ்விடங்களில் தயங்குவது மந்தபுத்தியாலன்று, எழுத்தின் இயல்பாலேயாம். அவ்வேளையிற் சினவாது சற்றே பொறுத்திருந்து, அச்சொல்லை ஒருமுறை தெளிவாக ஒலித்துக் காட்டுதல் போதும்.

பாட்டன்மாருக்கு ஒரு சொல். 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்த எழுத்து வடிவங்களே இன்று நம் பாடநூல்களிலும் வழங்குகின்றன. லை, ணை, றா முதலியவற்றை நாம் இளமையிற் பயின்ற பழைய வடிவில் எழுதிக் காட்டினாற் பிள்ளை மயங்கும். பாடநூலில் உள்ள வடிவத்தையே பின்பற்றுதல் நன்று.

இனி, யாவற்றிலும் முக்கியமெனக் கருதுவதைக் கூறுகின்றோம். நம் வீட்டு மொழி வேறு, நூல் மொழி வேறு. “வாறன், போறன்” என்று பேசும் பிள்ளை நூலில் “வருகிறேன், போகிறேன்” என்று காண்கின்றது. ழகரத்தை ளகரமாக ஒலிப்பதும் நம்மவர் பேச்சில் மிகுதி. சொல்வதெழுதலிற் பிள்ளை “வாளைப்பளம்” என்று எழுதினால், தன் செவி கேட்டதையே அது எழுதியிருக்கின்றது. இதன்பொருட்டு வீட்டுப் பேச்சை இழிவென்று கடிதல் தகாது. அது பிள்ளையின் முதற் செல்வம். நூல் மொழியை அதனோடு சேர்த்துக் கொடுத்தலே நாம் செய்யத்தக்கது. அதற்கு வழி, பெரியோர் நாடோறும் கதை நூலொன்றை உரத்து வாசிக்கப் பிள்ளை அருகிருந்து கேட்டலாம். கேட்டுப் பழகிய தொடரைப் பிள்ளை எளிதில் வாசிக்கும். கேளாத தொடரோ அதற்கு அயன்மொழி போலாகும்.

கணிதத்திலும் அவ்வாறே. “நூற்றைந்து” என்றதும் 1005 என எழுதும் பிள்ளைகள் உளர். நூறும் ஐந்தும் காதில் விழுந்தவாறே கையில் வருகின்றன. தொண்ணூறு தன் பெயரிலேயே நூற்றைக் கொண்டிருத்தலால் அதுவும் மயக்கந் தருவது. பத்து ஈர்க்குகளை ஒரு கட்டாகக் கட்டிவைத்துக் கட்டுகளையும் தனி ஈர்க்குகளையும் எண்ணச் செய்தால் இம்மயக்கம் நீங்கும். பின்னர் 32 இலிருந்து 17 ஐக் கழிக்குங் காலம் வரும்போது, இரண்டில் ஏழு போகாதென்பதும், ஒரு கட்டை அவிழ்க்க வேண்டுமென்பதும் பிள்ளைக்குத் தானே விளங்கும். கடைக்கு உடன் அழைத்துச் சென்று மிச்சக் காசை எண்ணுவித்தலும், சோற்றுக்கு எத்தனை கோப்பை வேண்டுமெனக் கேட்டலும் பாடமே.

இவற்றை விடுத்து, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி ஏழு வயதுப் பிள்ளையை மாலைதோறும் ரியூசனுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே காணப்படுகின்றது. வறிய வீட்டு மதிநுட்பமுள்ள பிள்ளைகள் நல்ல பாடசாலைகளை அடைதற்கென, 1940 களில் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி முயற்சியோடு எழுந்தது புலமைப்பரிசில். பணங்கொடுத்துப் பயிற்சி பெறுவோருக்கே அது கிட்டுமாயின் அதன் நோக்கம் கெடும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வினாத்தாள் பயிற்சி எவ்வாற்றானும் உதவாது. வாசிப்பைச் சுமையாகக் கருதி வெறுக்கவே அது கற்றுக்கொள்ளும்.

“நாங்கள் படியாதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?” என்பாருமுளர். வேலையாற் களைத்து வருவோர் நேரமில்லை என்பர். நாம் வேண்டுவது நாளொன்றுக்குக் கால் மணி நேரமே. பிள்ளை வாசிக்கக் கேட்டிருத்தற்குக் கல்வி வேண்டா, “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டாற் போதும். எழுத்தறியாத பேர்த்தி சொல்லும் நரிக்கதையும் பிள்ளையின் சொல்வளத்தைப் பெருக்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் அன்பர்கள் தொலைபேசி வாயிலாகப் பேரப்பிள்ளைக்கு ஒரு கதை வாசித்துக் காட்டலாம்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். விழா நினைவாக மண்டபமும் வாயிலும் எழுப்புதல் நன்றே. அத்தொகையிற் சிறு பங்கை ஒதுக்கி, அயலிலுள்ள ஆரம்பப் பாடசாலைகளின் இரண்டாந் தர வகுப்புகளுக்குக் கதை நூல்கள் வாங்கிக் கொடுப்போமாக. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலை வீட்டுக்குக் கொண்டுசென்று திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கட்டும். நூல் கிழிந்தாற் பிள்ளையைத் தண்டித்தல் வேண்டா. கிழியும்வரை வாசிக்கப்பட்டதென்று மகிழ்ந்து வேறொன்று வாங்கி வைப்போம். புத்தகம் வாங்க வகையற்ற வீட்டிலும் அவ்வாறு வார இறுதியில் ஒரு பிள்ளை வாசிக்குங் குரல் கேட்கும்.