உயர்திணை

இலக்கணம் என்றதும் முகத்தைச் சுளிக்கும் நேயர்கள் இந்த வாரம் சற்றுப் பொறுத்தருள வேண்டும். வினைச்சொல்லின் கடைசியில் வரும் சிறு விகுதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அந்த விகுதியில் சிலருடைய மானமும் சீவனமும் அடங்கியிருக்கின்றன.

சில நாட்களுக்கு முன் கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் நிலையத்தில் திருப்பூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். கைதட்டும் ஓசை கேட்டது. திருநங்கையர் இருவர் பிரயாணிகளிடம் காசு கேட்டுக்கொண்டே வந்தனர். என் அருகில் வந்ததும் ஒருவர் நீட்டிய கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டார். "சார், நல்லா இருக்கீங்களா? என்னைத் தெரியலீங்களா?" என்றார்.

சிறிது நேரம் சென்றே அடையாளம் கண்டேன். பதினைந்து வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் முன் பெஞ்சியில் இருந்து படித்த பிள்ளை. கையெழுத்து முத்துக் கோத்ததுபோல் இருக்கும். நடையும் பேச்சும் பெண்ணைப் போல் இருக்கின்றன என்று வகுப்பே பரிகசித்தது. உபாத்தியாயர்களும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே அந்தப் பிள்ளையின் இடம் காலியாகிவிட்டது. எங்களில் ஒருவரும் தேடிப் போகவில்லை.

அன்றிரவு வீட்டில் இந்தச் சம்பவத்தைச் சொல்லத் தொடங்கி, "அது என்னிடந்தான் படித்தது" என்றேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷங்களாகத் திணையும் பாலும் கற்பித்து வருகிறவன் நான்.

அலமாரியிலிருந்து நன்னூலை எடுத்தேன். அதை இயற்றிய பவணந்தி முனிவர் நம் கொங்கு நாட்டவர். பெருந்துறைக்கு அருகேயுள்ள சீனாபுரமே அவருடைய ஊர் என்பர். சற்றேறக்குறைய எண்ணூறு வருஷங்களுக்கு முன் அவர் எழுதிய பெயரியலில் ஒரு சூத்திரம் உண்டு. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் கொள்க என்பது அதன் கருத்து. 'அவாவுதல்' என்பது அவர் ஆளும் சொல். உடம்பைப் பாராது, உள்ளத்தின் அவாவைப் பார்த்து விகுதியைக் கொடுத்திருக்கிறார்! ஆனால் உண்மையை மறைக்கலாகாது. இவ்விரு திறத்தாரும் அஃறிணைபோலவும் வழங்கப்படலாம் என்று அதே சூத்திரம் முடிகிறது. முனிவர் இரண்டு வழக்குகளையும் எழுதி வைத்தார். நாமோ முன்னதை மறந்தோம். பின்னதை மட்டும் நாவில் ஏற்றிக்கொண்டோம்.

மறந்ததை நமக்கு நினைவூட்டியவர்கள் இலக்கணப் புலவர்கள் அல்லர். வீட்டாலும் ஊராலும் துரத்தப்பட்டவர்களே. அவர்களிற் பலர் இதே கொங்கு மண்ணில் பிறந்தவர்கள் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ரேவதி, வீட்டில் அடிபட்டு ஓடிப்போனவர். பிற்காலத்தில் பெங்களூரில் தம்மைப் போன்றவர்களின் உரிமைக்காக உழைத்தார். அவர் தம் வரலாற்றைத் தமிழில் 'வெள்ளை மொழி' என்ற நூலாக எழுதினார். 2019-ஆம் வருஷத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில், ஹோமர், பிளேட்டோ முதலியோரின் பெயர்கள் பொறித்த கல்லுக்கு மேலே, பெண் எழுத்தாளர் எண்மரின் பெயர்களை எழுதித் தொங்கவிட்டார்கள். டோனி மாரிசனோடு ரேவதியின் பெயரும் அதில் இருந்தது.

பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்பிரமணியம் 'சகோதரி' என்னும் அமைப்பை நிறுவினார். திருநங்கையர் தாம் பட்ட கொடுமைகளைத் தம் கையால் எழுதி, அதன்மேல் செந்நிறக் கைத்தடம் பதித்துப் பொதுவிடங்களில் வைக்கச் செய்தார். சேலத்துப் பிரித்திகா யாஷினி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, அந்த விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் சென்னை ஹைகோர்ட்டின் படிகளில் மீண்டும் மீண்டும் ஏறி, 2015-இல் தீர்ப்புப் பெற்று, 2017-இல் காக்கி உடை அணிந்தார்.

நம் கோவையில் திருநங்கையர் சங்கத்தின் தலைவியாக இருந்தவர் சங்கீதா. கொரோனாவினால் கடைவீதிகள் அடைபட்டு, கையேந்தவும் வழியற்றுப் போன 2020-ஆம் வருஷத்தில் அவர் 'கோவை டிரான்ஸ் கிச்சன்' என்ற உணவு விடுதியை ஆர்.எஸ். புரத்தில் ஆரம்பித்தார். கைதட்டிப் பிழைத்தவர்கள் கரண்டி பிடித்துப் பிழைக்கலாயினர். அது செப்டம்பர் மாதம். அக்டோபரில் சங்கீதா கொலையுண்டார். ஊர் இரண்டு நாள் பேசிற்று. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

சட்டமும் மெல்ல மெல்ல நகர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-இல் அரவாணிகள் நல வாரியம் ஏற்பட்டது; இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. 2014-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, தாம் எப்பாலினர் என்பதைத் தாமே உணர்ந்து சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்தபோது பவணந்தியாரின் 'அவாவுதல்' நினைவுக்கு வந்தது.

திருநங்கையரும் திருநம்பியரும் மட்டுமல்லர். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் நேசிப்பதைக் குற்றமாக்கி வெள்ளைக்கார சர்க்கார் 1860-இல் எழுதிய 377-ஆம் பிரிவு, 2018-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி அந்த வகையில் செல்லாதென்று ஆயிற்று. 2021-இல், பெற்றோருக்கு அஞ்சி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தமக்கு அறிவு போதாதென்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மனநூல் அறிந்தவரிடம் பாடம் கேட்டுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 2022-இல் இத்தகையோரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியல் சர்க்கார் கெஜட்டில் வெளிவந்தது. நீதிபதியே மாணாக்கராக இசைந்தபோது, உபாத்தியாயனுக்கு என்ன வெட்கம்?

நேயர்களே, கோர்ட்டு உரிமையைத்தான் கொடுக்கும். பரிகசிக்கும் வகுப்பை அடக்க அது வராது. அது என் வேலை. பிள்ளையின் நடையைக் கண்டு பிரம்பெடுக்கும் தகப்பனாரின் கையைப் பிடிக்கவும் அது வராது. அது உங்கள் வேலை. வீட்டைவிட்டு ஓடும் பிள்ளை பெரும்பாலும் நம்முடைய சிரிப்புக்குப் பயந்தே ஓடுகிறது.

பஸ் நிலையத்தில் அன்று அவர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். வேறொன்று கேட்டார். "பத்தாவது பரீட்சையை இனிமே எழுத முடியுங்களா, சார்?" தனித்தேர்வராக எழுதலாம் என்றேன். புஸ்தகங்களைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் பாடம்.

நேற்று என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை அவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"