மூன்றே மூன்று ஓட்டம்!

2009-ம் ஆண்டு. கென்யாவின் மேற்கே, ரிஃப்ட் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டு நிலக் கிராமம். ருவாண்டாவிலிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே காலடிச் சத்தம். மாடு மேய்க்கும் பொடியன் ஒருவன், காலில் செருப்புகூட இல்லாமல் அவர் குதிகாலை ஒட்டியே ஓடிவந்தான். தொந்தரவாக இருக்கவே, விரட்டிவிட்டார்.

விரட்டியவர் கெர்வைஸ் ஹகிசிமானா. விரட்டப்பட்ட ஒன்பது வயதுப் பொடியன் கெல்வின் கிப்டம். பின்னாளில் அந்தப் பையனுக்கே அவர் பயிற்சியாளர் ஆனார்!

மகன் எலெக்ட்ரீஷியன் படிப்பு படிக்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ ஓட்டத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. 2018-ல் உள்ளூர்ப் போட்டியில் ஓடியபோது ஷூ வாங்கக் காசில்லை. இரவல் ஷூவில்தான் ஓடினார்.

கென்ய வீரர்கள் பலர் முதலில் மைதானத்தில் 5,000, 10,000 மீட்டர் ஓடிப் பெயரெடுத்துவிட்டு, வயது கூடியபிறகு மாரத்தானுக்கு வருவார்கள். ஜாம்பவான் எலியுட் கிப்சோகே அப்படித்தான். முதல் மாரத்தான் ஓடும்போது அவருக்கு 28 வயது. கிப்டமுக்கு அந்த வழி அமையவில்லை. ஓடுதளம் இருந்த இடம் தூரம்; போய்வரப் பணமில்லை. அதனால் சாலையில் ஓடுபவர்களோடு சேர்ந்துகொண்டார். ஏழ்மை காட்டிய குறுக்குவழி என்றே சொல்லலாம்.

2022 டிசம்பர், ஸ்பெயினின் வாலென்சியா. முதல் மாரத்தான். 42.195 கிலோமீட்டரை 2 மணி 1 நிமிடம் 53 விநாடியில் முடித்தார். அதுவரை அறிமுக ஓட்டத்தில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நான்கு மாதம் கழித்து லண்டன்: 2:01:25.

அவர் ஓட்டத்தில் ஒரு விசித்திரம். பாதி தூரம் தாண்டினால் எல்லோருக்கும் கால் கனக்கும், வேகம் குறையும். கிப்டமுக்கு அப்போதுதான் வேகம் கூடும். லண்டனில் முதல் பாதிக்கு 61 நிமிடம் 40 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 45 விநாடி!

2023 அக்டோபர் 8, சிகாகோ. மூன்றாவது மாரத்தான். 30 கிலோமீட்டருக்குப் பிறகு தனி ஆளாகப் பறந்தார். கூட்டத்துக்குக் கையசைத்தபடி கோட்டைத் தொட்டபோது 2:00:35. கிப்சோகேயின் உலக சாதனையைவிட 34 விநாடி குறைவு. 100 மீட்டரைப் பதினேழு விநாடியில் ஓடிப் பாருங்கள். அதே வேகத்தில் நிற்காமல் 420 முறைக்குமேல் ஓடினால் அதுதான் அந்தச் சாதனை.

இதற்குப் பின்னால் இருந்த உழைப்பு பயமுறுத்தக்கூடியது. வாரத்துக்கு 250 முதல் 280 கிலோமீட்டர். சில வாரங்களில் 300-ஐத் தாண்டும். அதாவது, தினம் ஒரு முழு மாரத்தான்! ஹகிசிமானாவுக்கே கவலை வந்துவிட்டது. கொஞ்சம் குறைத்துக்கொள், இப்படியே போனால் ஐந்து வருடத்தில் உடம்பு முடிந்துபோகும் என்று சொல்லிப் பார்த்தார். மாணவர் கேட்கவில்லை. எந்நேரமும் உலக சாதனையைப் பற்றியே பேச்சு.

அடுத்த இலக்கும் முடிவாகியிருந்தது. 2024 ஏப்ரலில் நெதர்லாந்தின் ராட்டர்டாம். அதிகாரபூர்வப் போட்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்த மனிதர் அதுவரை எவருமில்லை. அதைத் தொடவேண்டும். தேவை இன்னும் 36 விநாடி மட்டுமே.

பிப்ரவரி 6 அன்று சிகாகோ சாதனைக்கு உலகத் தடகள அமைப்பு முறைப்படி அங்கீகாரம் கொடுத்தது. ஐந்தே நாள்கள். 11-ம் தேதி ஞாயிறு இரவு, கப்டகட் அருகே கிப்டம் ஓட்டிச்சென்ற கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. 24 வயது கிப்டமும், 36 வயது ஹகிசிமானாவும் அங்கேயே இறந்தார்கள். பயிற்சியாளர் பயந்ததெல்லாம் அந்தக் கால்களை நினைத்துத்தான்.

மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் அந்தக் குடும்பத்துக்கு வீடு கட்டித்தர அதிபர் வில்லியம் ரூட்டோ உத்தரவிட்டார். பிப்ரவரி 23 அன்று, நைபேரியில் இருந்த தன் சொந்த நிலத்தில் கிப்டம் அடக்கம் செய்யப்பட்டார்.

ஏப்ரலில் லண்டன் மாரத்தான் தொடங்கும் முன்பு, முந்தைய ஆண்டு அங்கே வென்றவருக்காகக் கூட்டம் 30 விநாடி கைதட்டியது.