பேரீச்சம்பழத்துக்குப் போகும் சி.ஆர்.ஓ.

உங்கள் வீட்டுப் பிள்ளை எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறானா? ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘உங்க லேபில் இருக்கிற மல்ட்டிமீட்டர் சரியாத்தான் காட்டுதுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?’ பெரும்பாலும் முழிப்பான். அவன் மேல் தப்பில்லை. அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தரக்கூடிய வாத்தியார் அதே லேபின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறார். பழைய சி.ஆர்.ஓ. அதற்கு ‘கண்டெம்’ சீட்டு ஒட்டி, எடைக்கு எடை காயலான் கடைக்கு அனுப்புகிறார்கள். வாத்தியாரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடும் படிப்பு என்ன படிப்பு?

‘பழசு சார், உழைக்காது’ என்பார்கள். 1923-ல் இங்கிலாந்தில் பிறந்த ஆவோமீட்டரை 2008 வரை தயாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் காலக் கருவிகளின் சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட்டும் இருக்கும். எந்த முனையில் எத்தனை வோல்ட் என்றுகூடப் போட்டிருக்கும். பெரும்பாலும் எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர் காய்ந்திருக்கும், ஸ்விட்ச் கறுத்திருக்கும். கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புக் காற்று செம்பில் பச்சை பூக்க வைப்பதைத் தினமும் பார்க்கிறார்கள். பச்சை பூத்ததெல்லாம் பிணம் இல்லை.

உயிர் கொடுக்க முறை இருக்கிறது. நேரே பிளக்கில் செருகக் கூடாது. சீரிஸ் லாம்ப் வழியாகக் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எச்சரிக்கை: சி.ஆர்.ஓ.வின் படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகும், ஆஃப் செய்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைக் கழற்றக் கூடாது.

ரிப்பேரோடு வேலை முடியவில்லை. ஓடுகிற கருவி வேறு, உண்மை பேசுகிற கருவி வேறு. உங்கள் மீட்டரை அதைவிட நம்பகமான ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அதை இன்னும் நம்பகமானதோடு. இப்படியே போனால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடியும். கிட்டத்தட்ட வாரிசுச் சான்றிதழ்! இந்த ‘காலிபரேஷ’னுக்கு தில்லிவரை போக வேண்டாம், சென்னையிலேயே மத்திய அரசின் ஈ.டி.டி.சி. இருக்கிறது.

மரக்காணம் உப்பளத்துக்குப் போங்கள். பாத்தித் தண்ணீர் 25 டிகிரி போமே தாண்டும்போது உப்பு விளைய ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்கினால் மிச்சத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு உப்பும் சேர்ந்துகொள்ளும். மானி பொய் சொன்னால் சரக்கு கெட்டது. உப்புப் பாத்தியில் அளவுக்கு இருக்கும் மரியாதை, லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் லேபில் வேண்டாமா? நாளை உங்கள் அப்பாவின் ஈ.சி.ஜி. மெஷினை சர்வீஸ் செய்ய வரப்போவது இந்தப் பையன்தான்!

‘ஆடிட்டுக்குப் பதில் சொல்லணும் சார்’ என்பது அடுத்த சாக்கு. ஏலத்துக்கு முன், கண்டெம் பட்டியலை இறுதியாண்டு மாணவர்களிடம் பிராஜெக்ட்டாக எழுதிக் கொடுங்கள். ஆளுக்கொரு கருவி. அதை ஓட வைக்க வேண்டும், எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று அளந்து எழுத வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கி வரும் ரெடிமேட் பிராஜெக்ட்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்கூடப் பழசைப் புதுப்பிப்பவரைத் தனியாக அங்கீகரிக்கின்றன. சட்டத்துக்குப் புரிந்தது கல்லூரிக்குப் புரியாதா?

அடுத்த முறை ஃபீஸ் கட்டப் போகும்போது லேபை எட்டிப் பாருங்கள். ‘இதைக் கடைசியா எப்ப சார் சரிபார்த்தீங்க?’ என்று கேளுங்கள். தேதியோடு பதில் வரும்வரை நகராதீர்கள்.