வீட்டுத் தோட்டம்: தக்காளியைக் கிள்ளுமுன்

தில்லியில் உறைபனியின் அச்சம் நீங்கும் ஜனவரிக் கடைசியில் நாற்று நட்ட அன்பர்கள், மார்ச் பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றே: “செடி புதர்போல் மண்டிவிட்டது, கிள்ளலாமா?” கிள்ளலாம். ஆனால் செடி இன்ன இனம் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தில்லி பூசாவில் உருவான பூசா ரூபி போன்றவை நுனி ஓயாமல் வளர்ந்துகொண்டே போகும் கொடி இயல்பினவை. நம் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்றவையோ குத்துச் செடிகள். அவற்றின் தண்டு ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்தோடு நின்றுவிடும். பின்னர் காய்ப்பதெல்லாம் பக்கக் கிளைகளிலேதான்.

இவ்வேற்றுமையை அறியாமல் நான் பட்ட நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த பெரியகுளத்து விதையை மொட்டைமாடித் தொட்டிகளில் வளர்த்து, பூசா ரூபிக்குச் செய்தது போலவே பக்கத் தளிர் அனைத்தையும் கிள்ளி எறிந்தேன். எட்டுச் செடிகளும் சேர்ந்து ஒரு வாரத்து ரசத்திற்குக்கூடக் காணவில்லை. வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

விதையின் பெயர் தெரியாதவர்கள் தண்டைப் பார்க்கட்டும். இரு பூங்கொத்துகளுக்கு நடுவே மூன்று இலைகள் இருந்தால் பெரும்பாலும் கொடி வகை. ஒன்றிரண்டே இருந்தால் குத்துச் செடி. பின்னதில் முதற் பூங்கொத்துக்குக் கீழே மண்ணை ஒட்டி எழும் தளிர்களை மட்டும் நீக்கினால் போதும்.

கொடி வகைக்கு நடும்போதே ஆளுயர மூங்கிலை ஊன்றிவிட வேண்டும். பின்னர் ஊன்றினால் வேர் அறுபடும். சணல் கயிற்றை எட்டு என்னும் எண்ணைப்போல் மாற்றித் தளரக் கட்டுக. இலையும் தண்டும் சேரும் கக்கத்தில் எழும் தளிரை, விரல் நீளம் ஆகுமுன், பனி உலர்ந்த காலை வேளையில் ஒடித்துவிடலாம். முதற் பூங்கொத்துக்கு நேர் கீழே எழும் தளிரை மட்டும் விட்டு, இரு தண்டாக வளர்ப்பது வடநாட்டு வெயிலுக்கு ஏற்றது. புகையிலையோ மூக்குப்பொடியோ தொட்டவர்கள் சோப்பிட்டுக் கை கழுவிவிட்டே செடியைத் தொட வேண்டும். தேமல் நோய் தொற்றக்கூடும்.

கிள்ளுவதால் காய்களின் எண்ணிக்கை பெருகும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் குறையும். காய் பருத்து, சற்று முன்னதாகப் பழுக்கும். குறுகிய பால்கனிக்கு அதுவே லாபம்.

மண்ணைத் தொடும் அடியிலைகளைத் தவிர மற்ற இலைகளில் கை வைக்காதீர்கள். ஏப்ரல் வெயிலில் காய்களுக்குக் குடை அவையே; குடை போனால் காயின் தோள் வெந்து வெளிறிவிடும். மே மாதத்தில் பூக்கள் உதிர்ந்தால் அது கிள்ளியதன் குற்றமன்று, வெப்பத்தின் குற்றம். இருக்கும் காய்களைப் பழுக்கவிட்டுப் பறித்துக்கொள்ளுங்கள்.