தோல்வியைத் தாங்குவது யார்?

2025 பிப்ரவரி 20 அன்று ராம்லீலா மைதானத்தில் ரேகா குப்தா தில்லியின் முதல்வராகப் பதவியேற்றபோது, ஊடகங்கள் விரும்பிச் சொன்ன கதை ஒன்றுண்டு: இருமுறை தோற்றும் துவளாத வழக்கறிஞர், மூன்றாம் முறை வென்று அரியணை ஏறினார். கேட்க இனிய கதைதான். ஆயினும் பாதிக் கதை.

தோல்விகள் மெய்யானவை. ஷாலிமார் பாக் தொகுதியில் 2015இல் ஆம் ஆத்மி கட்சியின் வந்தனா குமாரியிடம் ஏறத்தாழ 11,000 வாக்குகளிலும், 2020இல் அவரிடமே 3,440 வாக்குகளிலும் தோற்றார். 2023இல் மேயர் தேர்தலிலும் 150க்கு 116 என வீழ்ந்தார். 2025இல் அதே தொகுதியில் அதே வந்தனா குமாரியை 29,595 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

இம்மூன்று தேர்தல்களிலும் 70 இடங்களுள் பாரதிய ஜனதா பெற்றவை முறையே 3, 8, 48. அலை எதிர்த்தபோது அவரும் வீழ்ந்தார். அலை திரும்பியபோது அவரும் எழுந்தார். மாறியது காற்றே அன்றி அவரது உறுதி அன்று.

அப்படியானால் அவரைக் களத்தில் நிறுத்தி வைத்தது எது? ஒன்று, மீண்டும் மீண்டும் வாய்ப்பளித்த கட்சி. மற்றொன்று, 2007, 2012, 2022 ஆகிய ஆண்டுகளில் அவரை உறுப்பினராக்கிய மாநகராட்சி. இன்று அங்கே பாதி வார்டுகள் பெண்களுக்கு உரியவை. தமிழகத்திலும் இதற்கு நிகர் உண்டு. வழக்கறிஞர் வானதி சீனிவாசன் 2011இல் மயிலாப்பூரிலும் 2016இல் கோவை தெற்கிலும் தோற்று, 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் வென்றார். அவருக்கும் மூன்றாம் வாய்ப்பு தரப்பட்டது என்பதே செய்தி.

ஒருமுறை தோற்றதும் கைவிடப்பட்ட பெண்கள் எத்தனை பேர்? அக்கணக்கை எந்தக் கட்சி வெளியிடுகிறது? அவர்களுக்கு உறுதி இல்லை என்று எவரேனும் சொல்லத் துணிவரா? விடாமுயற்சிப் புராணம் இக்கேள்விகளையே மறைக்கிறது. வாயிற்காவலனின் தீர்ப்பை வேட்பாளரின் குணக்குறையாக மாற்றிவிடுகிறது.

ஒரு பெண் முதல்வரான அதே தேர்தலில் தில்லிப் பேரவைக்குச் சென்ற பெண்கள் ஐவர் மட்டுமே. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகளிர் இட ஒதுக்கீட்டுச் சட்டம் அப்பேரவைக்கும் மூன்றில் ஒரு பங்கை உறுதியளித்தது. உடனே அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டியும் வைத்தது. ஆனால் தம் வேட்பாளர் பட்டியலில் அப்பங்கை வழங்குவதற்குக் கட்சிகளுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அதைச் செய்யாத கட்சி எதுவாயினும், ஒரு பெண்ணின் விடாமுயற்சியைக் கொண்டாட அதற்கு உரிமையில்லை.