108-இல் பதில் சொல்பவர் யார் வீட்டு ஆள்?



கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று மார்வலி வந்தால் நாம் கூப்பிடுவது 108-ஐத்தான். அந்த அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. எடுப்பவர் அரசாங்க ஊழியர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 2008 செப்டம்பரில் இந்தச் சேவை தமிழ்நாட்டுக்கு வந்தபோதே, பணம் அரசு கொடுப்பது, நடத்துவது ஐதராபாத் நிறுவனம் என்று ஏற்பாடு. ஆகவே அங்கு சேரத் தேர்வாணையப் பரீட்சை கிடையாது. அரசுப் பணி விதிகளும் கிடையாது.

பரீட்சை இல்லாததை நான் குறை சொல்ல மாட்டேன். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். பாதி தமிழ், மீதி பொது அறிவும் கணக்கும். அதில் நல்ல மார்க் வாங்கியவர், அழுதுகொண்டே பேசும் பெண்ணிடம் ஊரையும் தெருவையும் கேட்டு வாங்கிவிடுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ராயகிரி என்றால் கிருஷ்ணகிரி பக்கமா என்று கேட்காமல், சிவகிரிக்கு அடுத்த ஊர் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். தராசில் நிறுத்தும் ஆளை நாம் சான்றிதழ் பார்த்தா எடுக்கிறோம்? நாலு நாள் நிறுக்கவிட்டுப் பார்த்துத்தானே எடுக்கிறோம்!

அரசியல் சட்டத்தின் 320-ஆவது பிரிவே, சில பதவிகளைத் தேர்வாணையத்தைக் கேட்காமல் நிரப்ப வழி விட்டிருக்கிறது. போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஆள் எடுக்க 1991-இல் தனிக் குழுமம் வந்தது. அரசு டாக்டர், நர்சுகளுக்கு 2012-இல் தனி வாரியம் வந்தது. பரீட்சை வேறு என்பதற்காக அவர்களை யாரும் வெளி ஆளாக்கவில்லையே! 108-இல் மட்டும் பரீட்சையோடு சேர்த்துப் பணிப் பாதுகாப்பையும் கழித்துவிட்டார்கள். இதுதான் எனக்கு ஒப்பவில்லை.

12 மணி நேர வேலையை 8 மணி ஆக்குங்கள், போனஸ் கொடுங்கள் என்று 108 தொழிலாளர்கள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். தீபாவளியை ஒட்டி வேலைநிறுத்தம் என்று அறிவித்ததும் உண்டு. பஜாரில் கூட்டம் நெரியும், பட்டாசு வெடிக்கும் நேரம் அது. அமெரிக்காவில் 1968-இலேயே 911 வந்துவிட்டது. அங்கும் மத்திய அரசின் வகைப்பாடு இவர்களைக் குமாஸ்தா இனத்தில்தான் சேர்த்திருக்கிறது. பெரிய தேசத்தின் லட்சணமும் இதுதான்!

அரசு உத்தியோகம் ஆக்கினால் சோம்பல் வந்துவிடும் என்று நம் வியாபாரிகளே சொல்கிறார்கள். சோம்பலுக்குப் பயந்து ஒருவரை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தால், பழகிய ஆள் வேறு வேலை பார்த்துப் போய்விடுவார். புது ஆள் நம் உயிரில் தொழில் பழகுவார்.

மருத்துவ வாரியத்தின் மூலம் இவர்களுக்குத் தனித் தேர்வு வைக்கட்டும். காதில் போனை மாட்டி மூன்று மாதம் சோதிக்கட்டும். தேறியவருக்கு அரசுச் சம்பள விகிதம் கொடுக்கட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் தென்காசி, நெல்லைப் பேச்சு புரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். நம் சங்கம் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, சுகாதாரத் துறைக்கும் தென்காசி ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.